அரைக்குழாய் ரத்தம்

இருவரில் ஒருவரைத் தூக்கியே ஆக வேண்டும் என்று கணினி அடம்பிடித்தது.

கை நடுங்கும் நோய்க்கு எந்தெந்த மரபணுக்கள் காரணம் என்று தேடும் ஆய்வு அது. நோயாளிகள் சில ஆயிரம் பேர், நோயில்லாதவர்கள் சில ஆயிரம் பேர். இரு தரப்பு ரத்தத்தையும் ஒப்பிட வேண்டும். நடுவில் கூடப்பிறந்தவர்கள் புகுந்துவிட்டால் ஒரே சாட்சி இரண்டு முறை வந்து சொன்ன மாதிரி ஆகிவிடும். கணக்கே கெட்டுப்போகும்.

திரையில் இரண்டு எண்கள் சிவப்பில் நின்றன. பெயர் கிடையாது. ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தில் குழாய்களில் எண் ஒட்டியதே அவள்தான்; எது யாருடையது என்று தெரியும்.

ஒன்று அண்ணன், நோயாளி. மற்றது அவள். அண்ணனுக்குத் துணையாகப் போன இடத்தில், நோயில்லாதவர் வரிசையில் அவளும் கையை நீட்டியிருந்தாள்.

அன்று அண்ணன் கை போட்ட ஆட்டத்தில் மூன்று முறை குத்தியும் அரைக்குழாய்தான் தேறியது.

"நான் இருந்து யாருக்கும் பிரயோஜனமில்ல. இதாவது உதவட்டும்," என்று சிரித்தான்.

போன வருடம் போய்ச் சேர்ந்தான். அவனுடையது என்று மிச்சமிருப்பது அந்த அரைக்குழாய் மட்டும்தான். அது ஆய்வில் இருந்தாக வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

விதி எளிது. ஒருவர் நோயாளி, மற்றவர் நோயில்லாதவர் என்றால் நோயாளி இருப்பார். இருவருமே நோயாளிகள் என்றால், யாருடைய ரத்தம் தெளிவாகப் படிக்கக் கிடைத்ததோ அவர் இருப்பார். அண்ணனுடையது அங்கங்கே தெளிவில்லை. அவளுடையது முழுத்தெளிவு.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்தாள். "இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? நல்லா இருக்கிறவங்க தெருவுக்கு நூறு பேர் கிடைப்பாங்க. நோயாளிய விட்டா திரும்பப் பிடிக்க முடியுமா?"

அதுவும் சரிதான். அவள் இடது கையால் மவுஸை நகர்த்தித் தன் எண்ணை நீக்கினாள். சிவப்பு மறைந்தது. அண்ணன் நின்றான்.

பக்கத்து இருக்கைக்காரி டீ குடிக்க எழுந்து போனாள்.

அதன் பிறகுதான் அவள் தொடைக்கடியில் அழுத்தி வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தாள். மேசை மேல் வைத்ததும் அது தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது.

காலையில் மருத்துவர் சொன்னதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அண்ணன் போயிருப்பான்.