காக்காய்க் கடி

"வேலை குடுத்தாத்தானே சார் தாடைத் தசை வளரும்? மென்னு திங்கப் பழக்கலயா?" என்று டாக்டர் கேட்டபோது, "அவதான் மாட்டேங்கறா" என்று ஞானசேகர் சொல்லிவிட்டான். பக்கத்தில் இருந்த ஏழு வயது மகள் பூவிழி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் ஒருநாளும் மாட்டேன் என்றதில்லை. தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சத்துக்கூழ்ப் பையை உறிஞ்சித்தான் வளர்ந்தன. அவனுக்கும் அது வசதியாக இருந்தது. எட்டரை மணி பஸ்ஸுக்கு முன்னால் ஒரே நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும்.

திரும்பும் வழியில், கடித்துத் தின்னும் பண்டங்கள் விற்க ஊரில் மிஞ்சியிருந்த ஒரே கடையில் கடலை மிட்டாய் வாங்கினான். சட்டை நுனியால் மூடிப் பல்லால் உடைத்து, ஒரு பாதியை மகளிடம் நீட்டினான்.

"இதுக்குப் பேரு காக்காக் கடி. துணி மேல கடிச்சா எச்சில் படாது."

பூவிழி அதை வாயின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கடித்தாள். தாடை நடுங்கியது. மிட்டாயில் பல் தடம்கூட விழவில்லை.

வெளியே எடுத்து, பாவாடையில் துடைத்து, அவனிடமே நீட்டினாள்.

"துணி வேணாம்ப்பா. நீங்களே மென்னு குடுங்க. உங்க எச்சில்தானே."