ஒன்பது டிக்

திரைக்குள் வெந்நீர் ஆவி பறக்கிறது. உடம்பு துடைத்துவிட வந்த ஆண் நர்ஸ் ஈரத்துணியோடு தயங்கி நிற்கிறான். கட்டிலில் இருக்கும் அம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருக்கிறாள். "ஆண் நர்ஸ்னாலும் சரின்னு படிவத்துல டிக் இருக்கேம்மா." "என்னை யாருமே கேக்கலையேப்பா." திரைக்கு வெளியே நிற்கும் வார்டு கிளார்க்குக்குக் காது சுடுகிறது. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று, காலையில் ஒன்பது படிவங்களிலும் ஒரே மூச்சில் அந்த டிக்கைப் போட்டவள் அவள்தான். திரையை விலக்கி, "வேற நர்ஸம்மாவை அனுப்பறேன்மா" என்கிறாள். தப்புச் செய்தவனைப் போலத் தலைகுனிந்து வெளியேறுகிறான் நர்ஸ். அம்மாள் கிளார்க்கின் கையை எட்டிப் பிடித்துக்கொள்கிறாள். "நல்லவேளை, நீ வந்தேம்மா. பொம்பளை கஷ்டம் பொம்பளைக்குத்தானே தெரியும்." அம்மாள் பிடித்திருக்கும் கைக்குள் டிக் போட்ட அந்தப் பேனா இருக்கிறது.