ஷூவோடு போன கால்

கட்டிலுக்கடியில் முழங்கைகளை ஊன்றி ஊர்ந்துகொண்டிருந்தார் பட்டாளத்தார். எல்லையில் வருடக்கணக்காகப் பழகிய ஊர்தல். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை தூசியாவதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"இங்கயும் இல்ல," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அவர் தேடிக்கொண்டிருந்தது தன் இடது காலை.

சொந்தக் கால் முழங்காலுக்குக் கீழே கண்ணிவெடியில் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பொருத்திய காலைப் படுக்கும்போது கழற்றி, ஷூவும் சாக்ஸுமாகத் தலைமாட்டில் சாய்த்து வைப்பார். துப்பாக்கியை அப்படி வைத்த பழக்கம். அன்று எழுந்து கை நீட்டியபோது வெறும் சுவர்தான் தட்டுப்பட்டது.

சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். கட்சிச் செயலாளர் ஜீப்போடு வந்து இறங்கினார். ஒற்றைக் காலில் தத்திக்கொண்டே வாசலுக்குப் போன பட்டாளத்தார், அவருடைய சட்டைக் காலரைப் பிடித்தார்.

"எங்கய்யா என் காலு?"

"அண்ணே, விடுங்கண்ணே. எனக்கு என்ன தெரியும்?"

"போன வாரம் இதே ஹால்ல உக்காந்து என்ன சொன்னே?"

செயலாளர் சொன்னது இதுதான்: "நீங்க நடக்கற நடையைப் பாத்தா கால் போனவர்னு எவனும் நம்ப மாட்டாண்ணே. நகரசபைக்கு நின்னப்ப விறைப்பா நடந்து போய் ஓட்டுக் கேட்டீங்க. விறைப்பாவே தோத்துட்டும் வந்தீங்க. இந்தத் தடவை அந்தக் காலைக் கழட்டிடுங்க. ஊன்றுகோலோட கடைத்தெருவை ஒரு சுத்து சுத்துங்க. மிச்சத்தை ஜனங்க பாத்துக்குவாங்க."

"கால் போனதுக்கு மெடல் குடுத்தாச்சு. அதையே காட்டி ஓட்டும் கேட்டா அதுக்குப் பேரு பிச்சை," என்று பட்டாளத்தார் அவரை அப்போதே எழுப்பி அனுப்பிவிட்டார். டீ கொண்டுவந்த மனைவியைக் காட்டி, "இவ எனக்கு நடக்கக் கத்துக் குடுத்தது ஊன்றுகோல் பிடிக்கறதுக்கு இல்ல," என்றும் சொன்னார்.

அவள்தான் கற்றுக்கொடுத்தாள். கால் பொருத்திய புதிதில் சமையலறைக்கும் வாசலுக்கும் இடையே லெஃப்ட், ரைட் என்று அவளே உத்தரவு போட்டு நடக்க வைப்பாள். அவர் விழுந்தால் தூக்க மாட்டாள். தானாக எழுந்திருக்கும்வரை இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருப்பாள். பட்டாளத்தார் என்ற பெயர் ஊர் வைத்தது, கடைசிவரை அதுதான் நின்றது. ஆனால் அந்த வீட்டில் அதிகாரி அவள்தான்.

"என் பிள்ளைங்க மேல சத்தியமாண்ணே," என்றார் செயலாளர். "அன்னிக்கு நீங்க விரட்டினப்புறம் இந்தத் தெருப் பக்கமே வரல. நாய் கீய் இழுத்துட்டுப் போயிருக்குமோ?"

"ஷூவோட ஒரு முழுக் காலை எந்த நாய்யா இழுத்துட்டுப் போகும்? உன் கட்சியை நம்பி வந்தேன் பாரு."

மனைவி இருவருக்கும் நடுவே வந்து ஊன்றுகோல்களை நீட்டினாள். வருடக்கணக்காகப் பரணில் கிடந்தவை. துடைத்து, அக்குளில் படும் இடத்தில் பஞ்சு வைத்துப் புதுத் துணியால் சுற்றித் தைத்திருந்தது.

"சண்டையை அப்புறம் வெச்சுக்கலாங்க. நேரம் போகுது. போன தடவை தோத்துட்டு வந்து மாசக்கணக்கா சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்தீங்க. இன்னொரு தடவை அதை என்னால பாக்க முடியாது."

அவர் பறிக்காத குறையாக அவற்றை வாங்கிக்கொண்டார்.

கடைத்தெருவில் அவர் ஜீப்பை விட்டு இறங்கியதும் கோஷம் நின்றுவிட்டது. மடித்துப் பின் குத்திய பேன்ட்டையே எல்லோரும் பார்த்தார்கள். தையல்காரர் ஒருவர் மெஷினை விட்டு எழுந்து வந்து கைகூப்பினார். ஒரு பெண்மணி அவர் கன்னத்தைத் தடவி அழ ஆரம்பிக்க, சுற்றி நின்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மனு கொடுக்கும் அலுவலகப் படியில் ஊன்றுகோல் வழுக்கியது. தாங்கிப் பிடிக்க எல்லாப் பக்கத்திலிருந்தும் கைகள் நீண்டன. அந்தப் படம் சாயங்காலத்துக்குள் தொகுதி முழுக்க எல்லோருடைய செல்போனிலும் இருந்தது.

"காலை எடுத்தவன் எவனோ, நமக்கு நல்லதுதாண்ணே பண்ணியிருக்கான். இனிமே நீங்க எம்.எல்.ஏ.தான்," என்றார் செயலாளர் திரும்பும் வழியில்.

"என் வீட்டுக்குள்ள வந்து எடுத்திருக்கான். அவனை நான் விடமாட்டேன்," என்றார் பட்டாளத்தார்.

வீட்டில் மனைவி வெந்நீர் வைத்துக் காத்திருந்தாள். அவரை உட்கார வைத்து, துண்டை நனைத்துப் பிழிந்து அக்குளில் ஒற்றினாள். தோல் கன்றிச் சிவந்திருந்தது.

"எல்லாரும் அழுதாங்க," என்றார் அவர். "ரோடு எப்பப் போடுவே, தண்ணி எப்ப வரும்னு ஒருத்தர் கேக்கல. ஜெயிச்சாலும் சபைக்குள்ள போகப்போறது நான் இல்ல. இந்த ரெண்டு கட்டைதான்."

அவள் துண்டை மறுபடி வெந்நீரில் முக்கினாள்.

"அந்த ஆளு வேலைதான் இது, எனக்குத் தெரியும். தொலையட்டும். விடிஞ்சதும் போய் வேற காலுக்கு அளவு குடுத்துட்டு வந்துடறேன். ஓட்டுக் கேக்க நடந்துதான் போவேன்."

அவள் தலை நிமிரவில்லை. துண்டை நிதானமாகப் பிழிந்தாள்.

"வேற கால் எதுக்குங்க? ஓட்டு எண்ணி முடியட்டும், எடுத்துத் தரேன்."