அண்ணன் மகனுக்கும் அதே ஊசி

பாம்பன் ஆஸ்பத்திரியில், முனீஸ்வரிக்குப் பிறந்த மூன்று நாள் பெண் குழந்தைக்கு, மலேரியாவைத் தடுக்கும் மரபணு ஊசி போட நர்ஸ் வந்தார்.

“ஒண்ணு சொல்லிடுறேன். இந்த ஊசி போட்ட ரெண்டு பேரு கல்யாணம் பண்ணிக்கிட்டா, பிள்ளைக்குக் கடுமையான ரத்தச்சோகை வரலாம்.”

“எங்க தெருவுல யார் யாருக்குப் போட்டிருக்கீங்க?”

“எல்லாப் பிள்ளைகளுக்கும்.”

“எங்க அண்ணன் மகனுக்கு?”

“அவனுக்கும்தான்.”

பிறந்த அன்றே, ‘இவ என் மருமக’ என்று சொல்லி, குழந்தையின் காலில் அண்ணன் வெள்ளிக் கொலுசு போட்டிருந்தான். முனீஸ்வரி அதைத் தடவிப் பார்த்தாள்.

“கல்யாணத்துக்கு இருபது வருஷம் இருக்கு. கொசு எத்தனை நாள்ல கடிக்கும்?”

“இன்னைக்கே கடிக்கலாம்.”

அவள் கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“போடுங்க. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”