ஈரம் படாத இடம்

எங்களிடம் இருந்த இரண்டு கார்களுமே பல் போன கிழங்கள். "ரெண்டையும் கட்டி அழ முடியாது சார், ஒண்ணைத் தள்ளிவிடுங்க" என்றார் மெக்கானிக்.

"எங்கப்பா விட்டுட்டுப் போன வண்டிதான் போகணுமா?" என்றாள் மனைவி.

"அதுதானே நடுரோட்டுல காலை வாருது."

அதை வாங்கியவர் அன்று மாலையே ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை நல்ல மழை. கூரையில்லாத முற்றத்தில் என் கார் மட்டும் நின்றது. அதன் அடியில் தரை காய்ந்திருந்தது. பக்கத்தில், மாமனாரின் கார் வழக்கமாக நிற்கும் இடத்திலும் ஒரு கார் அளவுக்குத் தரை காய்ந்திருந்தது.

மனைவி குடையைச் சாய்த்து, பையை நெஞ்சோடு அணைத்து, இரண்டுக்கும் நடுவே எப்போதும்போல ஒருக்களித்து நடந்தாள்.

"பாத்து வாங்க. கண்ணாடி இடிக்கும்."

நானும் ஒருக்களித்தேன்.