ஒரு சாணுக்கு மேல் வேண்டாம்

"ஐயோ மிஸ், அதப் புடுங்காதீங்க!"

சீதா ஓடிப் போவதற்குள், வேலிக்கென்று அவள் நட்ட கடைசிச் செவ்வரத்தைக் கம்பும் மண்ணோடு வெளியே வந்துவிட்டது. பிடுங்கியவர் வீட்டுக்காரி செசிலியா மிஸ். பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வுபெற்றும் பிரம்பை விடாத மாதிரி ஒரு குரல்.

"ஓம், பிடுங்கினனான். இந்தப் பக்கம் ஒரு சாணுக்கு மேலை ஒண்டும் வளரக் கூடாதெண்டு வீடு தரேக்கையே சொன்னனான்."

"வேலி இல்லாம நான் எப்படி மிஸ் குளிக்கிறது?"

"பத்துமணிப் பூ நிண்டால் காணும்."

"கணுக்கால் உயரப் பூ யார மறைக்கும்?"

"ஏலாதெண்டால் வேறை வீடு பாரும், பிள்ளை."

கம்புகளை வாசற்படியில் போட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

வேறு வீடாம்! கம்பளையிலிருந்து வந்து, கண்டி முழுக்கச் செருப்புத் தேய அலைந்து பிடித்த வீடு இது. புருஷன் நடராஜாவின் புடவைக் கடைச் சம்பளத்துக்கு இன்னொன்று கனவில்தான் கிடைக்கும்.

வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிப்பதுதான் வெளியில், தோட்டத்துக் குழாயடியில். தோட்டம் முழுக்கத் தரையோடு தரையாகப் பத்துமணிப் பூ. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடக்கும். பக்கத்து வீடு இடுப்பளவு பள்ளத்தில். அதன் ஜன்னல் இந்தத் தோட்டத்து மண்ணோடு மட்டமாக இருக்கும்.

அந்த ஜன்னலில் எந்நேரமும் ஒரு பெண்பிள்ளையின் தலை. எந்நேரமும் இந்தப் பக்கம் பார்த்தபடி.

"சின்னப் புள்ளதானே" என்றான் நடராஜா.

"சின்னப் புள்ளைக்குக் கண்ணு கெடையாதா? ஈரத்துணியோட நிக்கிறவ நானு. உங்களுக்கென்ன!" சீதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "இந்த மிஸ்ஸுக்கும் மூளை கொழம்பிப் போச்சுங்க. முந்தாநாள் அந்த ஜன்னலோரமா மண்ணுல கன்னத்த வச்சுப் படுத்துக் கெடந்தாங்க. விழுந்துட்டாங்கன்னு பதறிப் போனா, 'ஒண்டுமில்லை, நீர் போம்'ங்கிறாங்க. எந்திரிச்சு ஒரு கொழுந்தக் கிள்ளிப் போட்டுட்டு மறுபடியும் படுத்துக்கிட்டாங்க!"

நடராஜா சிரித்துவிட்டான். சிரித்தது தப்பு.

"சிரிங்க. நாளைக்கு ஞாயிறு. நேரா அந்த வீட்டுக்குப் போங்க. ஜன்னலச் சாத்தி வைக்கச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்தாத்தான் சோறு."

போனான்.

"வாங்க தம்பி, வாங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார் ஜமால்தீன், தையல்காரர். நடராஜா தொண்டையைச் செருமினான்.

"அந்த ஜன்னல் ரூம்ல..."

"மகளையா? பாருங்க, பாருங்க. அதுக்கிட்டப் பேச யாருமே வாறதில்ல."

கட்டிலில் றமீலா மல்லாந்து கிடந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும். கொய்யா மரத்திலிருந்து விழுந்ததாம். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. தலையை ஒரு பக்கமாகத்தான் திருப்ப முடியும். ஜன்னல் பக்கமாக.

"மாமி இன்னக்கி வெள்ளென குளிச்சிட்டாங்களே" என்றாள்.

நடராஜாவுக்கு முகம் சுட்டது. "பாத்தியா?"

"சீ, இல்ல மாமா! தண்ணிச் சத்தம் கேட்டா கண்ண மூடிக்குவேன். சத்தம் நின்னாத்தான் தொறப்பேன். சில நாளைக்கு அப்படியே தூங்கியும் போயிருவேன்." கண்களை மூடிக் காட்டிவிட்டுச் சிரித்தாள். "மாமா, இப்ப பூ விரியிற நேரம். நின்னாத் தெரியாது. தலகாணிக்கிட்டக் குனிஞ்சு பாருங்க."

குனிந்தான். அவள் தலைக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

தோட்டத்தைக் காணோம். பள்ளத்துக் கூரைகள், ரோடு, பஸ் ஒன்றையும் காணோம். கண்ணோடு ஒட்டினாற்போல் பூ. ஒவ்வொன்றாக வாய் திறந்துகொண்டிருந்தது. பூ முடிந்த இடத்தில் மூடுபனி. பனிக்கு மேலே, எதன் மேலும் நிற்காமல், ஹந்தானை மலை.

"மல மெதக்குதில்ல?" என்றாள் றமீலா மெதுவாக. "வெயில் வர வர இன்னும் கிட்ட வரும். நான் தினமும் ஏறிப் போவேன்."

நடராஜாவுக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை.

"முந்தி அதில ஆளுயர வேலி இருந்திச்சு தம்பி" என்றார் ஜமால்தீன் பின்னாலிருந்து. "சாக்கடைக் கான் தண்ணி விசயமா டீச்சருக்கும் நமக்கும் சண்ட. இண்டைக்கும் பேச்சில்ல. புள்ளைய ஆஸ்பத்திரியில இருந்து கொண்டுவந்து இங்க படுக்க வெச்ச கெழமையே வேலிய அடியோட வெட்டிப்போட்டா. நம்ம வூட்டுக்குள்ள எட்டிப் பாக்கத்தான்! மனுசியா அது?"

நடராஜா மறுபடியும் பூவைப் பார்த்தான். மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்த செசிலியா மிஸ்ஸின் தலையும் இதே மட்டத்தில்தான் இருந்திருக்கும்.

அப்போது காற்றடித்தது. ஜன்னல் கதவொன்று ஆடி வந்து பாதி மலையை மறைத்தது.

"அது சரி, வந்த விசயத்தச் சொல்லல்லியே தம்பி?"

தோட்டத்து மேட்டில் சீதா நின்றாள். 'சாத்தச் சொல்லுங்க' என்று இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினாள்.

நடராஜா கதவைத் தள்ளித் திறந்தான். "ஒரு துண்டு கயிறு குடுங்க பாய்" என்றான். "காத்துக்கு இது சாத்திக்குது. இழுத்துக் கட்டிட்டுப் போறேன்."