நீலப்பூத் தட்டு

"அவவுக்கு நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டு. எங்களுக்கு ஐஸ்கிரீம் டப்பா. இஞ்ச பாருங்கோ, மூடியில ஒட்டின விலையைக்கூடக் கிழிக்கேல்ல."

எமல்டா அந்த டப்பாவைக் கணவனுக்கு முன்னால் வைத்தாள். நோன்புப் பெருநாளுக்கென்று பக்கத்து வீட்டு பலீலா கொடுத்தனுப்பிய தேங்காய்ப்பால் இனிப்பான வட்டலப்பம் அதற்குள் இருந்தது. எதிர்வீட்டு மெய்யம்மைக்குப் போனதும் அதே வட்டலப்பம்தான். ஆனால் அது பீங்கான் தட்டில், வெள்ளைப் பின்னல் துணி போர்த்திப் போனது. கதவுத் துளையில் கண்ணை வைத்து எமல்டா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"உள்ளுக்கிருக்கிறது ஒண்டுதானே?" என்றார் வின்சன்ற், கரண்டியைத் தேடியபடி.

"சாமான் ஒண்டுதான். மரியாதை ஒண்டோ?"

கொட்டாஞ்சேனையில் அந்தத் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்குப் பலீலா குடிவந்தபோது முதல் தட்டு எமல்டாவுக்குத்தான் வந்தது. தண்ணீர் எந்த நேரம் நிற்கும், எந்தக் கடையில் மீன் பழசு என்றெல்லாம் பலீலாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் எமல்டாதான். வின்சன்ற் காலையில் துறைமுகத்துக்குப் போனால் இருட்டித்தான் வருவார். பகலில் வாய் திறந்து கதைக்க ஓர் ஆள் கிடைத்ததில் எமல்டாவுக்கு வீடே நிறைந்த மாதிரி இருந்தது. அயலவரோடு மனதார உறவு கொள்ளுங்கள் என்று சபையில் பாஸ்டர் சொன்னபோது, எனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று எழுந்து நின்று சாட்சி சொன்னவள் அவள்.

பிறகு என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை. மெல்ல மெல்லத் தட்டு நின்று டப்பா வரத் தொடங்கியது. கழுவித் தருகிறேன் என்றால், வேண்டாம், வீசிவிடுங்கள் என்று பலீலா அவசரமாகச் சொல்லிவிடுவாள். பேச்சும் சுகம் விசாரிப்பதோடு முடிந்தது.

மெய்யம்மையோ அந்த மாடிக்குப் பிந்தி வந்தவள். இப்போது அவள் கதவைத் தட்டாமலே பலீலா வீட்டுக்குள் போகிறாள். பலீலா வெளியே போனால் வீட்டுச் சாவி மெய்யம்மையிடம். இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும்போது எமல்டா குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள்.

"அவ தட்டுத் தந்த காலத்தில, திருப்பிக் குடுக்கேக்க நீர் என்ன வைச்சுக் குடுத்தனீர்?" என்று வின்சன்ற் கேட்டார்.

"ஒருநாளும் வெறுந்தட்டுக் குடுக்கேல்ல. மெய்யம்மை வைக்கிறது முறுக்கும் பணியாரமும். திண்டு முடிய மறந்துபோம். நான் வைச்சது கெட்டுப்போகாத சாமான்."

வின்சன்ற் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அந்த வாய்க்குள் வட்டலப்பத்தை வைத்துக்கொண்டார்.

பின்னேரம் எமல்டா டப்பாவைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு பலீலா வீட்டு மணியை அடித்தாள். கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மெய்யம்மைதான். சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து, சொந்தத் தங்கை வீட்டில் இருப்பதுபோலத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பெருநாளும் அதுவுமா உள்ள வாங்க அக்கா," என்றாள் பலீலா.

எமல்டா வாசற்படியைத் தாண்டவில்லை. "இல்ல பலீலா. ஒரு விஷயம் மட்டும் கேட்டிட்டுப் போறன். அவவுக்குத் தட்டு, எனக்கு டப்பா. நான் என்ன குறை விட்டனான்?"

மெய்யம்மை தேநீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பலீலாவின் முகம் சிவந்தது. விறுவிறென்று உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் கையில் நீலப்பூத் தட்டு இருந்தது. மேலே வெள்ளைப் பின்னல் துணி. எமல்டா டப்பாவை வாசலோரம் வைத்துவிட்டு இரண்டு கையாலும் அதை வாங்கினாள். வாங்கிக்கொண்டே மெய்யம்மையை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள். துணியைத் தூக்கப் போன அவளுடைய கையைப் பலீலா மெல்லப் பிடித்தாள்.

"வீட்ட போய்த் திறங்க அக்கா," என்றாள், உள்ளே இருப்பவளுக்குக் கேட்காத குரலில். "இது தட்டு. திரும்பி வரோணும். வரக்குள்ள ரெண்டு வாழப்பழம் வெச்சாப் போதும். வேற ஒண்டும் வாணாம்."

எவ்வளவு பணிவான பிள்ளை என்று எமல்டாவுக்கு மனம் இளகிப்போனது. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நேரே வின்சன்றின் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இப்ப என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்டுத் துணியைத் தூக்கினாள்.

நடுவில் வட்டலப்பம் இருந்தது. அதன் பக்கத்தில், பலீலாவின் ஒவ்வொரு தட்டிலும் எமல்டா வைத்தனுப்பிய சபைத் துண்டுப்பிரசுரங்கள் அத்தனையும், ஒரு மூலைகூடக் கசங்காமல், நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கிடந்த தாள் சிவப்பு எழுத்தில் அவளைப் பார்த்துக் கேட்டது: 'நரக அக்கினிக்கு நீ தப்புவாயா?'